ஜெயசீலன் சுவிட்சைப் போட்டிருந்தார்

ஜெயசீலன் தூங்கிப்போய்த் தோலைக் கெடுக்கவில்லை. கெடுத்தவன் நான்.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாக மூச்சு விடவும் முடியவில்லை... ஏனென்றால் நீங்கள் ஜெயசீலன் இல்லை. உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

ஆனாலும் கேளுங்கள். பாதியில் எழுந்து போக உங்களுக்கு உரிமை உண்டு. எனக்குத்தான் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. வேலூரில் ஒரு தையல் கடையின் மாடியில் சின்ன அறை எடுத்து, தோல் பதனிடும் டேனரிகளுக்கு டைமர் செய்துகொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். படித்தது டிப்ளமோ. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போனால் என்னை 'இன்ஜினியர் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தடவையாவது திருத்தினேனா? இல்லை. யாராவது வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காது கேளாதவன் மாதிரி நடந்துகூட இருக்கிறேன்.

டேனரியில் டிரம் என்றால் மரப்பீப்பாய். உள்ளே ஒரு குடித்தனம் நடத்தலாம், அவ்வளவு பெரிது. தோலையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் கொட்டி மூடி, மோட்டார் வைத்துச் சுற்ற விடுவார்கள். ஒரேயடியாகச் சுற்றவும் கூடாது, சும்மா கிடக்கவும் கூடாது. மணிக்கு ஒரு தரம் சில நிமிடம் சுற்ற வேண்டும், பிறகு ஓய்வு. இப்படியே ராத்திரி முழுவதும். இதற்காக ஒரு ஆள் கண்விழித்து உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருப்பார். அந்த வேலையைத்தான் என் பெட்டி செய்தது.

பெட்டிக்குள் இருந்தது மைக்ரோகன்ட்ரோலர் என்கிற சிப். அது சொன்னால் ரிலே என்கிற சுவிட்ச் டக்கென்று விழுந்து மோட்டாரை ஓட்டும். சிப்புக்கு நேரம் தெரிய வேண்டுமானால் விடாத ஒரு துடிப்பு வேண்டும். அதைக் கொடுப்பது கிரிஸ்டல். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தகர டப்பி, உள்ளே ஒரு படிகச் சில்லு. அதன் இரண்டு காலுக்கும் பக்கத்தில், காலுக்கொன்றாக, துவரம்பருப்பு மாதிரி இரண்டு சின்னக் கண்டென்சர் வைக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் கயிறு தாண்டி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு முனையையும் இரண்டு பேர் சரியான இழுவையில் பிடித்துக்கொண்டால்தான் கயிறு சுற்றும். இந்தக் கண்டென்சர்கள்தான் அந்த இரண்டு பேர். ஆள் இல்லாமல் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால் சில நேரம் சுற்றும்... சில நேரம் தொங்கிக்கொண்டு கிடக்கும்.

நான் அந்த இரண்டு பேரையும் வைக்கவில்லை.

பக்ரீத் வரப்போகிற சமயம் அது. பண்டிகை முடிந்தால் லாரி லாரியாக ஆட்டுத்தோல் வந்து இறங்கும், அடுக்க இடம் இருக்காது. அதற்குள் டைமர் வேண்டும் என்று ஆம்பூர்ப் பக்கத்து டேனரி ஒன்றின் மேனேஜர் ரஹ்மான் பாய் சொல்லிவிட்டார். போர்டுகள் தயார். அந்தப் பருப்பு மட்டும் கைவசம் இல்லை. நான் வாடிக்கையாக வாங்கும் ரேடியோ சாமான் கடையில் தீர்ந்துபோயிருந்தது.

"மெட்ராஸ்லேந்து வரணும் சார். அடுத்த வாரம் பாக்கலாம்," என்றார் கடைக்காரர்.

நானே மெட்ராஸுக்குப் பஸ் ஏறியிருக்கலாம். காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம். போகவில்லை. சும்மா பார்ப்போமே என்று கண்டென்சர் இல்லாமலே ஒரு போர்டுக்கு மின்சாரம் கொடுத்தேன். ஓடியது! இன்னொன்றை எடுத்தேன். அதுவும் ஓடியது. எல்லாமே ஓடின. புத்தகம் எழுதுகிறவர்கள் எதையும் கூடக் கொஞ்சம் சேர்த்துத்தான் எழுதுவார்கள், நமக்குத் தெரியாதா என்று ஒரு சிரிப்புகூட வந்தது எனக்கு.

எப்படிச் சோதித்தேன் என்று கேளுங்கள். போர்டை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, வலது கையால் ஒயரைத் தொட்டு. நம் உடம்புக்கும் கண்டென்சரின் குணம் கொஞ்சம் உண்டு. கிரிஸ்டலின் ஈயப்பற்றுகள் என் உள்ளங்கையில் பதிந்திருந்தன. கயிற்றின் முனையை என் கை பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பெட்டிக்குள் போர்டை வைத்துத் திருகி மூடியபோது அந்தக் கை வெளியே வந்துவிட்டது. டிப்ளமோ முதல் வகுப்பில் தேறிய எனக்கு இது அப்போது உறைக்கவில்லை. அவசரம் கண்ணை மறைத்தது என்று சொல்லலாம். அலட்சியம் என்பதுதான் சரியான சொல்.

பெட்டியை மாட்டப் போன அன்றுதான் ஜெயசீலனை முதலில் பார்த்தேன். சுண்ணாம்பு டிரம்மின் ராத்திரி ஷிப்டுக்காரர். என்னைவிட நன்றாக மூத்தவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சுண்ணாம்பில் வெந்து வெளுத்த விரல்கள். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா சார், இது தானா சுத்தி தானா நிக்குமா?"

"ஆமா."

"கரண்டு போனா?"

"மெயின் சுவிட்ச அணைச்சிடுங்க. வந்ததும் போடுங்க. செவப்பு லைட்டு எரியும். அவ்ளோதான், மீதிய அது பாத்துக்கும்."

"அப்போ நான் எதுக்கு சார்?"

"நீங்க நிம்மதியா தூங்குங்க," என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்று எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தது அவர்தான். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், நர்சிங் சேர்க்கப் போகிறேன் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போகும் நர்சுகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைப்புதான் வருமாம்.

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதை நான் மின்சாரத்தோடு நேராக இணைத்திருந்தேன். கரண்ட் வந்தால் எரியும். சிப் உயிரோடு இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. அதைத்தான் நம்பச் சொல்லி அவருக்குப் பாடம் நடத்திவிட்டு வந்தேன்.

பண்டிகை முடிந்து தோல் குவிந்த வாரத்தில் ஒரு நாள் காலை, தையல் கடை போனில் எனக்கு அழைப்பு வந்தது. உடனே வரச் சொன்னார்கள். போனபோது டிரம்மின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். மேலே கிடந்த தோல்கள் முடிகூடக் கழலாமல் விறைத்துக் கிடந்தன. அடியில் கிடந்தவை வெந்து, தொட்டால் விரலோடு வந்தன. ராத்திரி பாதிக்கு மேல் அந்த டிரம் சுற்றவே இல்லை.

ரஹ்மான் பாய் கத்துகிற மனிதர் இல்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி நின்றார். எதிரில் ஜெயசீலன்.

"கரண்டு போச்சி பாய். சுவிட்ச அணைச்சேன். வந்திச்சி, போட்டேன். லைட்டு எரிஞ்சிது. என் பொண்ணு மேல சத்தியமா போட்டேன்."

"அப்போ ஏன்யா சுத்தல? மத்த டிரம்மெல்லாம் சுத்திச்சே."

"அதான் பாய் தெரில. மத்தது சுத்தற சத்தத்துல இது நின்னுக்கினு இருந்தது தெரியாம பூடுச்சி. ரெண்டு ஷிப்டா சேத்துப் பாக்கறேன்... நடுவுல கண்ணு கொஞ்சம் அசந்துது. அத இல்லன்னு சொல்லல. ஆனா சுவிட்ச் போட்டேன்."

கண் அசந்தது என்று அவராக ஒப்புக்கொண்டாரே, அது போதுமானதாக இருந்தது அவர்களுக்கு. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் மளமளவென்று கதையைக் கட்டினார். கரண்ட் போனதும் தூங்கியிருக்கிறான். வந்தது தெரியவில்லை. காலையில் ஆள் வரும் சத்தம் கேட்டு எழுந்து சுவிட்சைத் தட்டிவிட்டுப் பொய் சொல்கிறான். கதை கச்சிதமாகப் பொருந்தியது. பெட்டி நன்றாக இருந்தால் அந்தக் கதை மட்டும்தான் மிச்சம்.

மூடியைப் போடச் சொல்லிவிட்டு, "பெட்டியப் பாரு தம்பி," என்றார் ரஹ்மான் பாய்.

திறந்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிப் செத்துக் கிடந்தது. அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது... டேனரிக்குள் வருடம் முழுவதும் மழைக்காலம்தான். அந்த ஈரத்தில், பிடிக்க ஆளில்லாத கிரிஸ்டல் இரண்டாம் முறை எழுந்திருக்கவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி அதன் காலைத் தொட்டேன். டக்கென்று ரிலே விழுந்தது. டிரம் முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது.

என் முதுகு அவர்கள் பக்கம் இருந்தது. விரலை யாரும் பார்க்கவில்லை. தற்செயலாகத்தான் அப்படி நின்றேனா? பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"ஓடுதே," என்றார் சூப்பர்வைசர்.

ரஹ்மான் பாய் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நல்லா பாத்து சொல்லு. ஒரு ஆளோட பொழப்பு இது. பெட்டில ஏதாச்சும் கோளாறு இருந்தா சொல்லிடு. புதுசா செய்றோம், வரத்தான் செய்யும். நான் உன்ன ஒன்னும் சொல்ல மாட்டேன்."

இதைவிட அகலமாக ஒரு கதவை யார் திறந்து வைப்பார்கள், சொல்லுங்கள்?

"ஓடுது பாய்," என்றேன்.

பாருங்கள், அதில் பொய்யே இல்லை! ஓடியது, ஓடுது என்றேன். ஒரே ஒரு வார்த்தை. நான் அன்று உண்மையை மட்டுமே பேசினேன் என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்லலாம்... சீ!

ஜெயசீலன் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. உதவிக்குக் கூப்பிடுகிற பார்வை. "சார், நீங்களே சொன்னீங்களே. லைட்டு எரிஞ்சா போதும், தூங்கலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அது வெளையாட்டுக்குச் சொன்னது," என்றேன்.

அன்றே அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். ரஹ்மான் பாயைக் குறை சொல்ல முடியாது. முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர், என்னையும் கேட்டுவிட்டார். ஒரு டேனரியில் நடந்தது அடுத்த டேனரிக்கு டீக்கடை வழியாகவே போய்ச் சேர்ந்துவிடும் ஊர் அது. 'தூங்கறவன்' என்று பெயர் விழுந்த ஆளை டிரம்முக்கு யார் வைப்பார்கள்? ஒருவரும் வைக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை? பயம் என்று சொன்னால் நீங்கள் கொஞ்சம் இரங்குவீர்கள். இரங்க வேண்டாம். பயப்பட ஒன்றும் இல்லை என்று அந்தப் பெரிய மனிதர் வாய்விட்டே சொல்லிவிட்டாரே. என்னைப் பிடித்திருந்தது கர்வம். இன்ஜினியர் சார் இரண்டு பருப்பை வைக்காமல் விட்டார் என்று அந்த ஈரத்தரையில், பூட்ஸ் போட்ட ஆட்கள் முன்னால் சொல்ல நாக்கு வரவில்லை. ஒரு குடும்பத்தின் சோற்றைவிட என் பட்டப்பெயர் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அடுத்த நாள் மெட்ராஸ் போனேன். ஆமாம், முன்பு போகாத அதே மெட்ராஸ்! கை நிறைய கண்டென்சர் வாங்கி வந்தேன். தூசி தட்டித் தருகிறேன் என்று சொல்லி, நான் மாட்டிய பெட்டி ஒவ்வொன்றையும் கழற்றி, இரண்டிரண்டாகப் பற்றவைத்தேன். கேட்காமலே வந்து சர்வீஸ் செய்கிற நல்ல பையன் என்று எனக்குப் பெயர் வந்தது. அந்தச் சுண்ணாம்பு டிரம்மின் போர்டை மட்டும் மாற்றிவிட்டு, பழையதை என்னோடு எடுத்து வந்தேன். ஏன் தூக்கி எறியவில்லை என்று எனக்கே தெரியாது.

அதன்பின் ஒரு பெட்டியும் நிற்கவில்லை. தொழில் வளர்ந்தது. கல்யாணம் ஆனது. ஜெயசீலனை மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராமல் பழகிக்கொண்டேன்.

என் மனைவி ஷீலாவின் வீட்டார் குடியாத்தம் ரோட்டில் ஒரு ஜெபவீட்டுக்குப் போவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கோரைப்பாய், ஒரு டோலக். நான் பண்டிகைக்கு மட்டும் சர்ச்சுக்குப் போகிற ஜாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வற்புறுத்தலுக்காகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்ததும் அங்கே சாட்சி நேரம் வரும். யாராவது எழுந்து நின்று, தான் செய்த பழைய பாவத்தை வாயால் சொல்லி, அதிலிருந்து ஆண்டவர் தன்னைத் தூக்கியெடுத்ததைச் சொல்ல வேண்டும்.

எழுந்து நின்றவர் ஜெயசீலன்.

நரைத்திருந்தார். வெள்ளைச் சட்டை. விரல்கள் மட்டும் அதே விரல்கள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் முன்ன டேனரில ராத்திரி டிரம் பாத்துக்கினு இருந்தேன். ஒரு நாள் தூங்கிட்டேன். கரண்டு வந்தும் சுவிட்ச் போடல. முதலாளியோட தோலெல்லாம் கெட்டுப் போச்சி. ஆனா நான் போட்டேன்னு பொய் சொன்னேன். என் பொண்ணு மேல சத்தியம் பண்ணிப் பொய் சொன்னேன், பிரதர். ரொம்ப வருஷம் அந்தப் பொய்யவே நம்பிக்கினு, என் மேல தப்பில்ல, தப்பில்லன்னு எல்லார்கிட்டயும் சண்ட போட்டேன். குடிச்சேன். வீட்ல அடிச்சேன். ஒரு நாள் பாஸ்டர் சொன்னாரு, தப்ப ஒத்துக்கோ, அப்பதான் விடுதலன்னு. யோசிச்சிப் பாத்தேன். சுவிட்ச் போட்ட மாதிரி கனவு கண்டிருக்கேன். அதான் உண்மைன்னு ஆண்டவரு எனக்குத் தெரிய வச்சாரு."

சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. ஷீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் செய்யாததை அவர் ஒப்புக்கொள்கிறார்... செய்தவன் கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கேயே எழுந்திருக்க வேண்டாமா நான்? அது சாட்சி நேரம் ஐயா! அதற்கென்றே ஒதுக்கிய நேரம்! முழங்கால் மேல் இருந்த கை முழங்கால் மேலேயே இருந்தது.

முடிந்ததும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அடையாளம் கண்டுகொண்டார். முகம் முழுக்கச் சிரிப்போடு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அங்கே சார் இல்லை, எல்லோரும் பிரதர்தான்.

"பிரதர், இவருதான்!" என்று பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டார். "அன்னைக்கு மெஷின டெஸ்ட் பண்ண வந்தவரு. பாய் கேட்டாரு, இவரு பயப்படாம உள்ளத உள்ளபடி சொன்னாரு. எனக்காக எரக்கப்பட்டு ஒரு பொய் சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். ஆனா திருந்தியிருக்க மாட்டேன்."

அவர்கள் என்னோடு கை குலுக்கினார்கள். குலுக்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. சொல்லிவிடு என்று ஒரு மனம். அவரே சமாதானமாக இருக்கிறார், அந்தச் சாட்சியின் மேல்தான் எழுந்து நிற்கிறார், அதைப் பிடுங்கப் போகிறாயா என்று இன்னொரு மனம். இரண்டாவது மனம் எவ்வளவு நல்லவன் மாதிரி பேசுகிறது பாருங்கள். அடுத்தவன் நிம்மதிக்காகவே என் குற்றத்தை மறைக்கிறேனாம்!

கடைசியில் ஷீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெடுநேரம் என்னைப் பார்த்தாள். "என்கிட்ட சொல்லி இன்னா பண்றது?" என்றாள். அவ்வளவுதான்.

சித்திரை மாத வெயிலில் ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். வெறும் வாயால் சொன்னால் போதாது என்று அந்தப் பழைய போர்டையும், மோட்டாருக்குப் பதிலாக ஒரு சின்ன பல்பையும் பையில் வைத்துக்கொண்டேன். சிவப்பு விளக்கு எரியும், பல்பு எரியாது. அதைக் கண்ணால் காட்டிவிட்டால் போதும்.

ஒற்றை அறை வீடு. அவர் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். மனைவி எஸ்தர் அம்மாள் தண்ணீர் கொடுத்தார். மகள் ஹெலன் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். அன்று அவளுக்கு லீவு. நர்சிங்? அந்த வருடமே நின்றுபோனதாம். கேட்காமலே எஸ்தர் அம்மாள் சொன்னார்.

"இவரு ராத்திரில சேர் போட்டு உக்காரவே மாட்டாரு பிரதர். நின்னுக்கினே இருப்பாரு. வீட்ல படுத்தாலும் கேஸ் மூடனோமா, கதவு சாத்தனோமான்னு எழுந்து எழுந்து பாப்பாரு. நான் தூங்கற ஆளு, என்ன நம்பாதேன்னு சொல்வாரு."

ஜெயசீலன் வெட்கத்தோடு சிரித்தார்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்டென்சரை, உள்ளங்கையை, முதுகைத் திருப்பிக்கொண்டு நீட்டிய விரலை. "நீங்க சுவிட்ச் போட்டீங்க. நான்தான்..." என்று முடிக்க முடியாமல் முடித்தேன். பையிலிருந்து போர்டை எடுத்துத் தரையில் வைத்து, ஒயரைச் சுவரில் செருகினேன்.

"சுவிட்ச நீங்களே போடுங்க," என்றேன்.

அவர் போட்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. டக்கென்று ரிலே விழுந்தது. பல்பும் எரிந்தது.

அணைத்துப் போட்டேன். ஓடியது. மறுபடி அணைத்துப் போட்டேன். ஓடியது! காய்ந்த வெயில், காய்ந்த வீடு, காய்ந்த போர்டு... ஏன் ஓடாது? போர்டைத் திருப்பி வைத்தேன், தள்ளி வைத்தேன், வியர்வை சொட்டச் சொட்டச் சுவிட்சைத் தட்டினேன். ஒவ்வொரு தடவையும் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்கியபோது கச்சிதமாக நின்ற போர்டு, அவனை விடுவிக்க வேண்டிய நேரத்தில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஜெயசீலன் மெல்ல என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க பிரதர். நல்லாதான ஓடுது."

"இல்ல... ஈரத்துல நிக்கும்... சில நேரம் நிக்கும்..."

"எனக்குத் தெரியும் பிரதர். சாட்சி கேட்டதுலேந்து உங்க மனசு கஷ்டப்படுது. எனக்காக உங்க மேல பழியப் போட்டுக்கறீங்க. வேணாம். அன்னைக்கே நீங்க உண்மைய சொன்னவரு, இன்னைக்கு எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

என் தலைமேல் கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, இந்த சகோதரனுடைய இளகிய மனசை ஆசீர்வதியும் ஆண்டவரே என்று ஜெபித்தார். நான் அந்தக் கையின் கீழ் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

ஹெலன் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிளம்பியபோது ரோடு வரை கூடவே வந்தாள். பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சில நேரம் ஓடும், சில நேரம் நிக்கும். அப்டித்தான அங்கிள்?"

"ஆமாம்மா."

"எங்க கம்பெனிலயும் ஒரு மெஷின் அப்டித்தான். மெக்கானிக் வந்தா நல்லா ஓடும்." வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்போ அப்பா பொய் சொல்லல."

"இல்ல."

"என் மேல சத்தியம் பண்ணாரு. அது பொய்ன்னு ஒத்துக்கின நாள்லேந்து அவரு என் தலையத் தொட்டதே இல்ல. பொய்ச் சத்தியம் பண்ண கையாம்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை, அல்லது கேட்க விரும்பவில்லை.

"அது ஓடாத நாள் பாத்துக் கொண்டாங்க அங்கிள். மழ பெய்யும்போது கொண்டாங்க. அவரு கண்ணால பாக்கணும்," என்றாள். திரும்பி நடந்துவிட்டாள்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, சுவரெல்லாம் ஓதம். ஒரு காலையில் போர்டை ஜன்னலோரம் வைத்து மின்சாரம் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பல்பு எரியவில்லை. அணைத்துப் போட்டேன். எரியவில்லை. அன்று முழுவதும் அது எழுந்திருக்கவே இல்லை. ஷீலா சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டுக் குடையை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள்.

நான் போகவில்லை.

மழைக்குச் சாக்குச் சொன்னேன். அடுத்த மழைக்கு வேலை இருந்தது. அதற்கடுத்த மழைக்குக் காய்ச்சல். இப்படியே எத்தனை மழை போயிற்று... ஒவ்வொன்றிலும் ரகசியமாகச் சோதித்துப் பார்த்தேன். ஈரம் ஏறிய நாளில் அது தவறாமல் நின்றது. முன்பு ஓடிக் காட்டி என்னைக் கைவிட்ட போர்டு, இப்போது எப்போது கூப்பிட்டாலும் எனக்காகச் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறது. சாட்சியை அழைத்துப் போகத்தான் ஆள் இல்லை.

காரணம் என்ன என்று கேட்கிறீர்களா? அன்று சித்திரை வெயிலில் போனபோது அவர் நம்பமாட்டார் என்று எனக்குள் எங்கோ ஒரு மூலையில் தெரிந்திருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அவ்வளவு பேசினேன். மழை நாளில் போனால் நம்பிவிடுவார். பல்பு எரியாததைப் பார்ப்பார். அடித்த மனைவியை, படிப்பு நின்ற மகளை, நின்றே கழித்த ராத்திரிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க எனக்குத் திராணி இல்லை.

இதை எழுதும்போதும் வெளியே தூறுகிறது. குடியாத்தம் பஸ் எங்கள் தெருமுனையில்தான் நிற்கும். ஹார்ன் சத்தம் இங்கே கேட்கிறது. ஜெயசீலன் இந்நேரம் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருப்பார். பக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கும். ஹெலன் வேலை முடிந்து வந்து, நான் இன்றும் வரவில்லை என்பதைப் பார்த்துக்கொள்வாள். அவள் அப்பாவிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

பஸ் போய்விட்டது.